பதினொரு விநாடி மௌனம்: ரெக்கார்டரில் எடுத்த குரலைக் கணினியில் திருத்திய அனுபவம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது, திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் அத்தை வீட்டு ஓடுகள் பாதிக்கு மேல் பறந்துபோயின. சாலையில் சாய்ந்து கிடந்த மரங்களை வெட்டி வழி விட்ட பிறகு, திருச்சியிலிருந்து அரிசியும் தார்ப்பாயும் மெழுகுவத்தியும் ஏற்றிக்கொண்டு நான்காம் நாள்தான் என்னால் அங்கே போய்ச் சேர முடிந்தது. அன்று இரவு, மின்சாரம் இல்லாத திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, தமக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அடித்த 1952ஆம் ஆண்டுப் புயலைப் பற்றி அத்தை இரண்டு மணி நேரம் பேசினார். அதைப் பதிவுசெய்ய என்னிடம் அன்று எதுவும் இல்லை. கைப்பேசி மத்தியானமே அணைந்துவிட்டது. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது, இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும் கையடக்க ரெக்கார்டர் ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன்.

அடுத்த மூன்று ஆண்டுகளில், ஊருக்குப் போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக, ஏறத்தாழ 14 மணி நேரப் பேச்சும் பாட்டும் சேர்ந்தன. 2022இல் அத்தை காலமானார். அந்த 14 மணி நேரத்தைக் கணினியில் ஏற்றி, இரைச்சலைக் குறைத்து, வெட்டி, பிரித்து, குடும்பத்தார் கேட்கும்படி ஆக்கிய வேலையில் நான் செய்த தவறுகளையும் அவற்றிலிருந்து கற்றவற்றையும் இங்கே எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்களின் குரலைப் பதிவுசெய்து வைத்திருப்பவர்களுக்கும், இனிமேல் பதிவுசெய்ய நினைப்பவர்களுக்கும் இது பயன்பட வேண்டும் என்பதே என் விருப்பம்.

முதல் தவறு கணினிக்கு வருவதற்கு முன்பே நடந்துவிட்டது. மெமரி கார்டில் இடம் போதாமல் போய்விடுமோ என்ற பயத்தில், முதல் இரண்டு நாள் பதிவுகளை எம்பி3 வடிவத்தில், மிகக் குறைந்த தரத்தில் எடுத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அந்தப் பயம் வீண் என்று தெரிந்தது. குறுந்தகட்டின் தரமான 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ அளவில், எதையும் கழிக்காமல் சேமிக்கும் வேவ் கோப்பாகப் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 635 எம்பி ஆகும். 16 ஜிபி கார்டில் இருபது மணி நேரத்துக்கும் மேல் கொள்ளும். எம்பி3 என்பது காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று அது முடிவுசெய்யும் ஒலிகளைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சேமிக்கும் முறை. அதைத் திறந்து திருத்தி மறுபடியும் எம்பி3யாகவே சேமித்தால் இன்னொரு முறை கழிவு நடக்கும். அந்த இரண்டு நாள் பதிவுகளில் இரைச்சலைக் குறைக்க எவ்வளவு முயன்றும், அத்தையின் குரலைச் சுற்றி ஒரு சலசலப்பு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. கழிந்துபோனதை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர இயலாது. ஆகவே மூலப் பதிவு வேவ் கோப்பாகத்தான் இருக்க வேண்டும். எம்பி3 என்பது எல்லாத் திருத்தமும் முடிந்த பிறகு, பிறருக்கு அனுப்புவதற்காக மட்டும் செய்துகொள்ள வேண்டிய பிரதி.

ஒலி அளவிலும் ஒரு பாடம் உண்டு. ரெக்கார்டரில் தானாக அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தது. வசதிதானே என்று அதை முடுக்கிவிட்டிருந்தேன். அத்தை பேசும்வரை எல்லாம் சரியாக இருக்கும். அவர் பேச்சை நிறுத்தியதும் கருவி எதையாவது கேட்டுவிட வேண்டும் என்று அளவை ஏற்றிக்கொண்டே போகும், மின்விசிறியின் ஓசை பொங்கி எழும், அவர் மறுபடி வாயெடுத்ததும் சட்டென்று அடங்கும். இந்த ஏற்ற இறக்கத்தைக் கணினியில் சரிசெய்வது மிகக் கடினம். பிறகு அதை நிறுத்திவிட்டு, அத்தை பலமாகச் சிரிக்கும் இடத்தில்கூட அளவுகோல் கழித்தல் 6 டெசிபலைத் தாண்டாதபடி கையால் வைத்துக்கொண்டேன். அளவுகோலின் உச்சமான பூஜ்ஜியத்தைத் தொட்டால் அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டுக் குரல் கரகரக்கும். மெல்லிய பதிவைக் கணினியில் உரக்கச் செய்துகொள்ளலாம். வெட்டுப்பட்ட உச்சியை உண்மையாகத் திருப்பித் தர வழியில்லை. இதைவிடப் பெரிய பலன், ரெக்கார்டரை அத்தைக்கு அருகில் கொண்டுபோனதில்தான் கிடைத்தது. தூரம் பாதியானால் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும், அறையின் இரைச்சலோ அப்படியே இருக்கும். ஒரு மீட்டரிலிருந்து ஒரு முழத்துக்கு வந்ததும் திருத்த வேண்டிய வேலையில் பெரும்பகுதி இல்லாமலே போயிற்று.

கணினியில் நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி. 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டு 2000ஆம் ஆண்டு வெளிவந்த இந்த மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடுகிறது. பேச்சைத் திருத்துவதற்கு இதைத் தாண்டி எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அதைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. கார்டில் உள்ள கோப்புகளை அப்படியே கணினியில் ‘மூலம்’ என்று பெயரிட்ட ஒரு கோப்புறையில் நகலெடுத்து, இன்னொரு வெளி ஹார்டு டிஸ்கிலும் நகலெடுத்து, இரண்டையும் திறந்து கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். மூலம் உறையில் இருக்கும் கோப்பை ஒருபோதும் திருத்துவதில்லை என்பதை நான் ஒரு விரதம்போலவே வைத்திருக்கிறேன். கோப்பின் பெயரையும் அன்றைக்கே மாற்றிவிடுவது நல்லது. என் ரெக்கார்டரில் பேட்டரியைக் கழற்றி நெடுநேரம் வைத்திருந்தால் தேதி ஆரம்ப நிலைக்குப் போய்விடும். அதை நான் கவனிக்காமல் விட்டதால், ஓராண்டுப் பதிவுகள் அத்தனையும் ஒரே ஜனவரி முதல் தேதியைக் காட்டின. பின்னணியில் கேட்ட அறுவடை இயந்திரத்தின் ஓசையையும், பேச்சில் வந்த விசேஷங்களையும் வைத்து எது எந்த மாதம் என்று கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

திருத்துவதற்கு உட்காரும்போது முதல் முறை எதையும் வெட்டாமல் முழுவதையும் கேட்க வேண்டும் என்பது நான் தாமதமாகக் கற்றது. கேட்கும்போதே கன்ட்ரோலும் எம் விசையும் சேர்த்து அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு லேபிள் விழும். அதில் ‘நடவுப் பாட்டு ஆரம்பம்’, ‘குக்கர் விசில்’, ‘புயல் பேச்சு’ என்று இரண்டு சொல் எழுதிவைப்பேன். ஒரு மணி நேரப் பதிவுக்கு முப்பது, நாற்பது லேபிள்கள் சேர்ந்துவிடும். பிறகு எங்கே என்ன இருக்கிறது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. லேபிள் வாரியாகத் தனித்தனிக் கோப்புகளாகவும் ஒரே நேரத்தில் பிரித்துச் சேமித்துக்கொள்ளலாம். இதை ஹெட்போனில்தான் செய்ய வேண்டும். மடிக்கணினியின் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ச்சுருதி ஓசைகள் கேட்கவே கேட்காது. நான் சுத்தமாக இருக்கிறது என்று நினைத்த பதிவை மாமா தம் வீட்டுப் பெரிய ஸ்பீக்கரில் போட்டபோது, அத்தையின் குரலுக்கு அடியில் ஒரு லாரி நின்று உறுமுவதுபோல் கேட்டது.

அந்த உறுமலை நீக்குவது எளிது. மின்விசிறிக் காற்றின் அதிர்வு, திண்ணையில் யாரோ நடக்கும் அதிர்வு, ரெக்கார்டரைக் கையில் எடுத்து வைக்கும் தடதடப்பு எல்லாம் பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கின்றன. ஒரு பெண்ணின் பேச்சுக்குரல் அதற்கு மிக மேலேதான் தொடங்குகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள ஓசைகளை வடிகட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80இல் வைத்து ஓட்டினால் குரலுக்கு எந்தச் சேதமும் இல்லாமல் அவை போய்விடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், சார்ஜரில் செருகியபடி பதிவுசெய்த நாட்களில் ஏறிய ரீங்காரமும் இதிலேயே பெரிதும் குறைந்தது. 100 ஹெர்ட்ஸில் மிஞ்சியதை, ஒரே ஓர் அலைவரிசையை மட்டும் குறிவைத்து நீக்கும் நாட்ச் ஃபில்டரால் தனியாக எடுத்தேன். அதன் பிறகு சார்ஜரில் செருகிப் பதிவுசெய்வதையே விட்டுவிட்டேன்.

மின்விசிறியின் ‘உஸ்’ என்ற ஓசைதான் பெரிய சோதனை. ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்ஷன் இரண்டு படிகளில் வேலை செய்கிறது: பேச்சே இல்லாமல் இரைச்சல் மட்டும் இருக்கும் சில விநாடிகளைத் தேர்ந்து ‘இதுதான் இரைச்சல்’ என்று காட்ட வேண்டும், பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து, எத்தனை டெசிபல் குறைப்பது என்று சொல்ல வேண்டும். முதல் தடவை ஆசையில் 24 டெசிபல் வைத்தேன். இரைச்சல் அடியோடு போயிற்று. அத்தையும் கூடவே கொஞ்சம் போய்விட்டார். தண்ணீருக்குள் இருந்து பேசுவதுபோல் ஒரு கிணுகிணுப்பு வந்தது. அவர் சொன்ன ‘சோறு’ என்ற சொல்லின் முதலெழுத்துத் தேய்ந்து ‘ஓறு’ என்று கேட்டது. காற்றிரைச்சலும் சகர ஒலியும் ஒரே உயர் அலைவரிசைகளில் இருப்பதால், மென்பொருளுக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. இப்போது 6 டெசிபலுக்கு மேல் போவதில்லை. போதாவிட்டால் இன்னொரு முறை மெல்ல ஓட்டுவேன். ஒவ்வொரு முறையும் ‘ச’ வரும் சொற்களைத் தேடிக் கேட்டுப் பார்ப்பேன். மிச்சமுள்ள மின்விசிறி ஓசை யாரையும் உறுத்தவில்லை. எங்கள் ஊர் வீட்டில் மத்தியானம் மின்விசிறி ஓடத்தான் செய்யும்.

வெட்டும் வேலையில், கண்ணை நம்பக் கூடாது என்பதைத் தமிழ்ப் பேச்சு எனக்குக் கற்றுத் தந்தது. திரையில் அலைவடிவம் மலையும் பள்ளமுமாகத் தெரியும். பள்ளம் வரும் இடம்தான் சொல்லின் முடிவு என்று தோன்றும். ஆனால் ‘பத்து’, ‘அப்பா’, ‘விட்டு’ போன்ற சொற்களில் இரட்டை வல்லினத்தைச் சொல்வதற்காக வாய் மூடியிருக்கும் நேரத்தில், ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, நடுவிலேயே ஓசை அற்றுப்போகிறது. திரையில் பார்த்தால் இரண்டு சொற்கள்போல் இருக்கும். நேர்மாறாக, ‘வந்துச்சு’, ‘போச்சு’ என்று முடியும்போது கடைசிக் குற்றியலுகரம் காற்றோடு கரைந்துவிடுவதால் திரையில் தட்டையான கோடாகவே தெரிகிறது. அங்கே வெட்டினால் சொல் மூளியாகிவிடும். ஆரம்பத்தில் நான் வெட்டிய பதிவுகளில் அத்தை பல சொற்களை விழுங்கிப் பேசுவதுபோல் இருந்ததற்குக் காரணம் என் கத்தரிதான். இப்போது வெட்டுமுன் அந்த இடத்தைப் பெரிதாக்கி மூன்று முறை கேட்கிறேன். தேர்ந்த பிறகு இசட் விசையை அழுத்தினால், அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளிக்குத் தேர்வு நகர்ந்துவிடும். ஒட்டிய இடத்தில் ‘டிக்’ என்ற சத்தம் வராது. தும்மலையோ குக்கர் விசிலையோ எடுத்த இடத்தில் முழு அமைதியை வைத்தால் காதுக்குப் பள்ளத்தில் விழுந்ததுபோல் இருக்கும். அதற்காகவே ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் ஓசையை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு துண்டை அங்கே ஒட்டுகிறேன்.

இடையில் ஒரு நாள் பேட்டரி தீர்ந்து, 50 நிமிடப் பதிவு ஒன்று ஓடாத கோப்பாகக் கிடைத்தது. அளவு 500 எம்பி என்று காட்டியது. ஆனால் எந்த மென்பொருளும் திறக்க மறுத்தது. வேவ் கோப்பின் தலைப்பகுதியில், பின்னால் எவ்வளவு ஒலி இருக்கிறது என்ற விவரம் எழுதப்பட வேண்டும். பதிவை முறையாக நிறுத்தும்போதுதான் ரெக்கார்டர் அதை எழுதி முடிக்கிறது. திடீரென்று அணைந்தால் ஒலி முழுவதும் கார்டில் இருக்கும், தலைப்பு மட்டும் அரைகுறையாக இருக்கும். ஆடாசிட்டியில் ‘இம்போர்ட் ரா டேட்டா’ என்று ஒரு வழி இருக்கிறது. 16 பிட், லிட்டில் எண்டியன் (பைட்டுகளை அடுக்கும் வரிசை), ஸ்டீரியோ, 44100 என்று நாமே விவரத்தைச் சொல்லி, தலைப்புக்குரிய 44 பைட்டுகளைத் தள்ளிவிட்டுத் திறக்கச் சொன்னேன். தள்ளும் எண்ணிக்கையை முதலில் தவறுதலாக ஒற்றைப்படையில் கொடுத்துவிட்டதால், 50 நிமிடமும் வெறும் இரைச்சலாகத் திறந்தது, நெஞ்சு அடைத்துப்போயிற்று. எண்ணைத் திருத்தி மறுபடி திறந்ததும் “காப்பி ஆறிடப் போவுது, குடிச்சிட்டு வா தம்பி” என்று அத்தையின் குரல் தெளிவாகக் கேட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு அமர்வுக்கும் புதுப் பேட்டரி, இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி மறுபடி தொடங்குதல் என்று வழக்கப்படுத்திக்கொண்டேன்.

திருத்திய வேலையையே ஒரு முறை இழந்ததும் உண்டு. பழைய ஆடாசிட்டியில் திட்டக்கோப்பு ஒன்றும் அதன் ஒலித்துண்டுகள் அடங்கிய உறை ஒன்றும் தனித்தனியாக இருக்கும். கணினி மாற்றியபோது கோப்பை மட்டும் நகலெடுத்துவிட்டு உறையை விட்டுவிட்டேன். ஒரு மாத வேலை போயிற்று. 2021இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து எல்லாம் ஒரே கோப்புக்குள் அடங்கிவிட்டதால் இந்த ஆபத்து இப்போது இல்லை. மூலம் பத்திரமாக இருந்ததால் மறுபடி செய்ய முடிந்தது என்பது மட்டும்தான் ஆறுதல்.

அத்தையின் முதலாண்டு நினைவு நாளுக்கு, புயலைப் பற்றி அவர் பேசியவற்றை மட்டும் தொகுத்து 40 நிமிடப் பதிவாகத் தயாரித்தேன். நேரம் குறைவாக இருந்ததால் ‘ட்ரன்கேட் சைலன்ஸ்’ என்ற வசதியைப் பயன்படுத்தினேன். நாம் குறிப்பிடும் அளவுக்குக் கீழே ஓசை அரை விநாடிக்கு மேல் நீடித்தால், அதை அரை விநாடியாகச் சுருக்கிவிடும் கருவி அது. ஒரே சொடுக்கில் 58 நிமிடம் 40 நிமிடமாயிற்று. நினைவு நாளுக்கு முந்தைய இரவு அத்தை மகளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினார். “அம்மா இப்படிப் பேச மாட்டாங்களே அத்தான். மூச்சே விடாம ஒப்பிக்கிற மாதிரி இருக்கே” என்றார்.

அன்றிரவே மூலத்தைத் திறந்து இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். புயல் இரவில் தாத்தா மாட்டுக் கொட்டகைக்கு ஓடிய இடம். “அப்பா கயித்த எல்லாம் அறுத்துவுட்டாரு. எங்கனாச்சும் போயிப் பொழச்சுக்கன்னு அறுத்துவுட்டாரு” என்று சொல்லிவிட்டு அத்தை நிறுத்துகிறார். அதன் பிறகு பதினொரு விநாடிக்கு எதுவும் இல்லை. மின்விசிறி ஓசை, ஒரு முறை வளையல் தரையில் உரசும் ஓசை, நீளமான ஒரு மூச்சு. பிறகு “செவலை மட்டும் திரும்பி வரல” என்கிறார். நான் செய்த பதிப்பில், அறுத்துவிட்ட அரை விநாடியில் செவலை திரும்பி வரவில்லை. அதுமட்டுமன்று, அதற்கடுத்து முணுமுணுப்பாக அவர் சொன்ன “சினை மாடு” என்ற இரண்டு சொற்களும், நான் வைத்த அளவுக்குக் கீழே இருந்த காரணத்தால், மௌனம் என்று கருதப்பட்டுக் காணாமல் போயிருந்தன. இரண்டு ஆண்டுகளாக அந்தப் பதிவை வைத்திருந்தும், அந்த மாடு சினையாக இருந்தது என்பதை அன்றுதான் நான் கேட்டேன்.

இன்னொரு இடத்தில் அத்தை, “அம்பத்திரண்டு... இல்ல, அம்பத்தஞ்சா... அப்பவும் ஒண்ணு அடிச்சிச்சு” என்று தடுமாறுகிறார். நான் தடுமாற்றத்தை எடுத்துவிட்டு ‘அம்பத்திரண்டு’ என்பதை மட்டும் வைத்திருந்தேன். தஞ்சைப் பகுதியில் 1952 நவம்பர் இறுதியில் ஒரு புயலும், 1955ஆம் ஆண்டு ஏறத்தாழ அதே நாட்களில் இன்னொரு புயலும் அடித்தது உண்மை. அவர் நினைவில் இரண்டும் கலந்திருக்கலாம். செவலை எந்தப் புயலில் போயிற்று என்று இனி யாரிடமும் கேட்க முடியாது. அந்தத் தடுமாற்றத்தை வெட்டியதன் மூலம், அவர் உறுதியாகச் சொல்லாத ஒன்றை உறுதியாகச் சொன்னதுபோல் நான் ஆக்கியிருந்தேன். இருமலையும் குக்கர் விசிலையும் எடுக்கலாம். திரும்பத் திரும்ப வரும் ‘என்ன சொல்லிட்டிருந்தேன்’ என்பதில் சிலவற்றைக்கூட எடுக்கலாம். பேசுபவர் யோசிக்கும் நேரமும் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும் இடமும் பேச்சைச் சேர்ந்தவை; அவற்றில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை என்றே இப்போது கருதுகிறேன்.

இரவு முழுவதும் விழித்து, கையாலேயே மறுபடி வெட்டினேன். இந்த முறை 53 நிமிடம் வந்தது. ஏற்ற இறக்கத்தைச் சிறிது சமப்படுத்தி, உச்ச அளவைக் கழித்தல் 1 டெசிபலுக்கு வைத்து, ஒரு பிரதியை வேவ் கோப்பாகவும், உறவினர்களுக்கு அனுப்ப ஒரு பிரதியை மோனோ எம்பி3யாகவும் சேமித்தேன். பேச்சுக்கு ஸ்டீரியோ தேவையில்லை. விநாடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) மோனோவில் அரை மணி நேரம் 15 எம்பிக்குள் அடங்கிவிடும், வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பினால் தரமும் குறையாது.

மறுநாள் படையல் முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். செவலையின் இடம் வந்தபோது, அந்தப் பதினொரு விநாடியும் யாரும் பேசவில்லை. சாயங்காலம் நான் புறப்படும்போது அத்தை மகள் ஒரு பென் டிரைவை எடுத்து வந்து என் கையில் கொடுத்து, “வெட்டாததையும் இதுல போட்டுக் கொடுங்க அத்தான்” என்றார். 14 மணி நேரம், ஏறத்தாழ 9 ஜிபி. மடிக்கணினியைத் திண்ணையில் வைத்துத் திறந்து, மூலம் உறை முழுவதையும் அதில் நகலெடுத்து, ஒவ்வொரு கோப்பும் திறக்கிறதா என்று அவரோடு உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.